மூன்றரை மணி வெயில்

பிடுங்கு, பிடுங்கு, இன்னும் ரெண்டே ஆணிதான், அந்தத் தகரம் மட்டும் கழன்று விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் யார் சொன்னது சரி என்று. வெளியே ஏணியில் நிற்கிற ஆள் சுத்தியலின் வாலால் நெம்ப நெம்ப, மேலே கிரீச் கிரீச் என்று சத்தம், எனக்குப் பல்லெல்லாம் கூசுகிறது, ஆனால் காதைப் பொத்திக்கொள்ள மனசு வரவில்லை. இந்த ஒரு சத்தத்துக்காக ஐந்து வருஷம் காத்திருக்கிறேன். சும்மா இரு செண்பகவல்லி, காலை ஆட்டாதே, பிளாஸ்டிக் நாற்காலி டக்டக்கென்று அடிக்கிறது, மேடையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷன் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டுமே. கோவில்பட்டியில் இது ரத்னா மஹால், கல்யாண மண்டபம், ஏசி உண்டு, சாப்பாட்டுக் கூடம் தனி. என் ஆய்வேட்டில் இது ரத்னா விலாஸ் நாடக சாலை. விளக்கே ஏற்றாமல் பகலில் நாடகம் போட்ட கொட்டகை. மேற்குச் சுவரின் உச்சியில் ஒரே ஒரு ஜன்னல், இப்போது தகரம் அடித்து மூடிக் கிடப்பது, அதன் வழியாக இறங்குகிற வெயில்தான் மேடைக்கு விளக்கு, அதற்காகவே கணக்குப் போட்டு அந்த ஜன்னலை அங்கே வைத்திருக்கிறார்கள். நான் சொன்னது இவ்வளவுதான். இதைச் சொன்ன நாளிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்காதவர்கள் ரெண்டு பேர்தான், ஒருத்தி நான், இன்னொருத்தர் இதோ பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிற என் நெறியாளர் எஸ்தர் மேடம். அவர்கள்கூட இன்று காலை வண்டியில் வரும்போது, "மேகம் கீகம் வந்துராதேம்மா?" என்றார்கள். தை மாசத்துக் கோவில்பட்டியில் ஏது மேகம் மேடம் என்று பெரிய இவள் மாதிரிச் சொன்னேன், சொல்லிவிட்டு அப்போதிலிருந்து வாசலுக்குப் போய்ப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு சின்ன மேகம் இருக்கிறது. தெற்கே. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மேடையில் இருப்பவர் கைலாசநாதன் சார். வெளியூர்ப் பேராசிரியர், என் புறத்தேர்வாளர். நாளைக்குக் காலையில் பல்கலைக்கழகத்தில் என் வாய்மொழித் தேர்வு, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்கப் போகிறவர் இவர்தான். மற்ற அத்தியாயமெல்லாம் பிரமாதம் என்று எழுதிவிட்டு நாலாவது அத்தியாயத்துக்கு மட்டும், "இது ஆராய்ச்சியா, ஆசையா?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினாரே, படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது அத்தியாயம் இல்லாவிட்டால் அந்த ஆய்வேட்டில் என்ன இருக்கிறது? எந்தக் கொட்டகையில் எத்தனை திரை, எந்த ஊரில் எந்தக் கம்பெனி, அதையெல்லாம் யாரும் எழுதலாம். அந்த ஜன்னல்தான் என்னுடையது. "காத்துக்கு வச்ச ஜன்னல்ம்மா அது," என்று போனில் சொன்னார். "பகல்லயும் பெட்ரோமாக்ஸ் கொளுத்திருப்பாங்க. நோட்டீஸ்ல விளக்கில்லா நாடகம்னு போட்டிருந்தா, அது கூட்டம் சேக்கறதுக்கு." நான் விடவில்லை. நீங்க வந்து பாருங்க சார், தகரத்தக் கழட்டிக் காட்டறேன், நாடகம் ஆரம்பிக்கிற மூன்றரை மணிக்கு மேடையின் கிழக்கு ஓரத்தில் ராஜா சிம்மாசனம் போடுகிற இடத்தில் வெயில் விழும், விழாவிட்டால் அந்த அத்தியாயத்தை நானே கிழித்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே வாய், எனக்கு அது எப்போதும் மூளைக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். மனுஷன் உண்மையிலேயே வந்துவிட்டார். வந்ததும் பையிலிருந்து துண்டை எடுத்து, சாக்பீஸால் நான் வட்டம் போட்டு வைத்திருந்த இடத்தைத் துடைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "ராஜா இங்கதான உக்காரணும்? உக்காந்துட்டேன். வெயில வரச் சொல்லுங்க." எஸ்தர் மேடம் கொடுத்த கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு கால்மேல் கால் போட்டிருக்கிறார். கோபம் வரவேண்டும் எனக்கு, வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது, ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வழுக்கைத் தலையில் வெயில் அடித்துப் பளிச்சென்று மின்னப் போகிறது, அதைப் போட்டோ எடுத்து நாலாவது அத்தியாயத்தில் போடப் போகிறேன். படம் பதினேழு, சிம்மாசனத்தில் புறத்தேர்வாளர். ஐயோ, சிரிக்காதே, சிரிக்காதே.

"தாயி, அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருவீகள்லா?" மேனேஜர் கோமதிநாயகம் அண்ணாச்சி. இதையே வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சாயந்தரம் இங்கே நிச்சயதார்த்தம், பூ அலங்காரக்காரர்கள் வருவார்கள், தகரத்தைத் திரும்ப அடிக்க வேண்டும், திறந்து வைத்தால் புறா வந்துவிடும். முடிச்சிருவோம் அண்ணாச்சி. நல்ல மனுஷன், மேலே அழகுக்குப் போட்ட ஃபால்ஸ் சீலிங்கில் ரெண்டு பலகையைக் கழற்ற விட்டாரே, அதுவே பெரிசு. அதற்கு முன்னால் உள்ளேயிருந்து அந்த ஜன்னலைப் பார்க்கவே வழியில்லை. அளவெல்லாம் வெளியே ரோட்டில் நின்றுதான் எடுத்தேன், போகிற வருகிற லாரிக்காரனெல்லாம் ஹாரன் அடிக்க. அண்ணாச்சிக்கு ஆள் கிடைத்தால் போதும், மண்டபத்தைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார். "மழ பேஞ்சா ரோட்டுத் தண்ணி பூரா உள்ளதான் தாயி வருது, மூணு படி இறங்கில்லா உள்ள வரணும், வயசானதுக தடுமாறுதுக. அங்கன பாருங்க, மேடைக்குப் பக்கத்துல அந்தக் கிழக்குச் சுவரு, அதுல மட்டும் என்ன பெயிண்ட் அடிச்சாலும் ஒட்ட மாட்டேங்கு. ஒரு மழைக்கு உரிஞ்சு உரிஞ்சு தொங்கும். முதலாளி பாத்தாரு, சனியன் போவுதுன்னு வெல்வெட்டத் தொங்க விட்டுட்டாரு." சுவர் முழுக்கக் குங்குமப்பூ நிறமா, இல்லை, மாட்டு ஈரல் நிறத்தில், மேலேயிருந்து கீழே வரை மடிப்பு மடிப்பாக வெல்வெட். எனக்குப் பிடிக்கவே இல்லை. இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் அது குடித்துவிடும், மண்டபத்தில் எடுத்த கல்யாணப் படங்களில் எல்லாம் பெண்ணின் ஒரு பக்கக் கன்னம் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கென்ன, என் வெயில் சுவருக்கு வரப் போவதில்லை, நேரே மேடைக்கு.

மணி மூன்று. இன்னும் அரை மணி. அம்மா இப்போது வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள்? காப்பிக்குப் பால் காய்ச்சுவாள். காலையில் போனில், "ஏட்டி, இன்னைக்காவது முடியுமா உன் படிப்பு?" என்றாள். அவளுக்கு இது படிப்பு. முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். அடுத்தது என்றால் நாலு மணி. எங்கள் வீட்டில் நாலு மணி என்றால் பெண் பார்க்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் நாலு மணிக்குத்தான் வரவேண்டும், மூன்று மணிக்கு வருகிறோம் என்று யாராவது சொன்னால் ராகு காலம் என்று அம்மா கூசாமல் அடித்துவிடுவாள், என்ன கிழமையாக இருந்தாலும் சரி. கூடத்தில் எதிர்ச் சுவருக்கு மட்டும் அப்பா சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மற்ற மூன்று சுவரும் எப்படியோ போகட்டும். "கருப்புன்னு எவனும் சொல்லிரக் கூடாதுல்லாட்டி." இதைச் சொல்லிக்கொண்டே பவுடர் அப்புவாள். நான் கருப்புத்தான், கரிசல் காட்டுக் கருப்பு, அதற்கென்ன இப்போ? மூலையில் பாய் விரித்து, என்னை ஜன்னலைப் பார்க்க விடாமல் திருப்பி உட்கார வைத்து, தலையைப் பிடித்துக் கீழே அமுக்குவாள். "குனிஞ்சே இரு, நிமிந்தேன்னா வெளிச்சம் கழுத்துக்குப் போயிரும்." ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொண்ணு கொஞ்சம் நிமிந்து பாக்கட்டுமே" என்பார், நான் நிமிர்வேன், அதற்குள் அவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். போதும், போதும். இப்போது எதற்கு இது? நல்ல நாளும் பொழுதுமாக. என்னைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்கள், அதனால்தான் வெளிச்சத்தை ஆராயக் கிளம்பினேன் என்று எஸ்தர் மேடம் ஒரு தடவை சொன்னார்கள், அப்போது எரிச்சலாக இருந்தது. மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். மணி என்ன?

டமார்! விழுந்துவிட்டது, தகரம் ரோட்டில் விழுந்துவிட்டது, யாரோ கத்துகிறார்கள், ஏணிக்காரர், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார், அண்ணாச்சி வெளியே ஓடுகிறார், நான் ஓடவில்லை, எனக்கு ரோடும் வேண்டாம் ஊரும் வேண்டாம், மேலே பார்க்கிறேன், வந்துவிட்டது. வந்துவிட்டது! அம்மாடி, என்ன வெளிச்சம் அது. எத்தனையோ வருஷத்துத் தூசி உள்ளே சுற்றிச் சுற்றிப் பறக்க, மேற்குச் சுவரின் உச்சியிலிருந்து மண்டபத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சரிந்து இறங்குகிறது, கைபிடித்து இழுத்துவிடலாம் போல அவ்வளவு கெட்டியாக. எஸ்தர் மேடம் எழுந்து நின்று "ஸ்தோத்திரம்" என்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது. அழக்கூடாது, கண் மறைத்தால் எப்படிப் பார்ப்பது? எங்கே விழுகிறது, எங்கே, மேடையில்தான், மேடையில்தான் ஐயா, காற்றுக்கு வைத்த ஜன்னலாம் காற்றுக்கு, எந்தக் காற்று இப்படி நேராக மேடையைத் தேடிக்கொண்டு போகும்? சதுரமாக, பாய் அகலத்துக்கு ஒரு வெயில். மேடைப் பலகையில். கைலாசநாதன் சார் காலை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், மிட்டாய் கையிலேயே இருக்கிறது. அவருடைய செருப்பு நுனியில் வெயில் பட்டுவிட்டது. வாயில் விரலை வைத்து விசிலடிக்கலாம் போலிருக்கிறது, அடித்தால் நாளைக்கு டாக்டர் பட்டம் தருவார்களா?

ஆனால் ஏன் இப்போதே? மணி மூன்று பத்துதானே ஆகிறது. என் கணக்குப்படி இந்த நேரத்தில் அது மேடையின் நடுவில் அல்லவா இருக்க வேண்டும், அதற்குள் அவர் காலுக்கு எப்படி வந்தது? கொஞ்சம் முந்திக்கொண்டது. முந்தட்டும், என்ன கெட்டுப் போச்சு, சில நிமிஷம் முன்னே பின்னே. முழங்காலுக்கு வந்துவிட்டது. சட்டைப் பைக்கு. மெல்ல, மெல்ல, நகர்வதே தெரியாமல், ஆனால் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருக்கும். இதோ முகத்தில். போட்டோ, போட்டோ எடு, "ஐயய்யோ!" என்று அவர் கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறார். "என்னம்மா இது, கண்ணே தெரியல. டார்ச்ச மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கு முன்னால உக்காந்து எவன் வசனம் பேசுவான்?" மேடம் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே போனேன். நன்றாகவே இல்லை. நெற்றியும் மூக்கும் மட்டும் வெள்ளை வெளேரென்று எரிகிறது, கண் இருக்கிற இடத்தில் ரெண்டு கறுப்புக் குழி, மோவாய்க்குக் கீழே ஆளே இல்லை. இதுவா ராஜா? இதைப் பார்க்கவா வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்? அப்புறம் அது நிற்கவும் இல்லை. அவர் காதைத் தாண்டி, தோளைத் தாண்டி, நாற்காலியை விட்டு இறங்கி, மேடை ஓரத்தையும் தாண்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடையை விட்டு வெளியே போய்விட்டது. வெல்வெட்டில் ஏறியது. ஏறியதும் செத்தது. ஈரல் நிறத்தில் ஒரு மங்கின சதுரம், அவ்வளவுதான், மேடையில் பழையபடி இருட்டு. மணியைப் பார்த்தேன். மூன்றரை. நாடகம் ஆரம்பிக்கிற நேரம், ராஜா இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

கிழிந்தது போ. எல்லாம் போச்சு. "செண்பகவல்லி," என்கிறார் அவர், குரலில் கேலி இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கால் மணி நேரம்கூட நிக்கல பாத்தீங்களா? நாடகமோ சாயந்தரம் வரைக்கும். வருத்தப்படாதீங்க, மத்த அத்தியாயமெல்லாம் நல்லாருக்கு. இத மட்டும் எடுத்துருவோம்." எடுத்துருவோம். பல்லைப் பிடுங்குகிற டாக்டர் பேசுகிற மாதிரி. எஸ்தர் மேடம் என் முதுகில் கை வைத்தார்கள், வைக்காமல் இருந்திருக்கலாம். எங்கே தப்பு? அளந்தது தப்பா? ஒரு தடவைக்குப் பத்துத் தடவை அளந்தேனே, டேப்பை ஒரு முனையில் மேடம் பிடித்துக்கொள்ள, ரோட்டில், லாரி ஹாரனில். ரோட்டில். ரோட்டிலிருந்து. மூணு படி இறங்கில்லா உள்ள வரணும். அட மூதேவி! மூணு படி! வருஷா வருஷம் பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டு ரோடு போட்டு, ரோடு ஏறிப் போச்சு, மண்டபம் பள்ளத்தில் கிடக்கிறது. எந்தத் தெருவில்தான் இந்தக் கதை இல்லை, எங்கள் வீட்டு வாசலிலும் இதேதான், மழைக்கு அப்பா மண்மூட்டை அடுக்குவாரே. ரோட்டிலிருந்து அளந்தால் ஜன்னல் தாழத்தான் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் அது இன்னும் மூணு படி உயரத்தில் இருக்கிறது. உயரே இருந்தால் வெயில் இன்னும் தூரம் தள்ளித்தான் விழும். மேடையைத் தாண்டிச் சுவரில். அப்படியென்றால் கணக்குத் தப்பு, கட்டினவர்கள் தப்பில்லை. ஆனால் அது என்ன ஆறுதல், கட்டினவர்கள் சரியாகக் கட்டினார்கள் என்றால் வெயில் மூன்றரை மணிக்குச் சுவருக்குப் போக வேண்டும் என்றா கட்டினார்கள்? சுவரில் யார் நடிக்கப் போகிறார்கள்?

சுவரில் யார். சுவர். ஏட்டி செம்பா, வெயில்ல போயி உக்காராதட்டி, நேர் வெயிலு மூஞ்சில பட்டா கண்ணு குழியும், இருக்கிற பரு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும். சனியனே, இப்போதுமா, என்னுடைய ஐந்து வருஷம் இடிந்து விழுந்துகொண்டிருக்கிற நேரத்திலுமா நீ வந்து நிற்க வேண்டும்? போ அம்மா. கண்ணு குழியும். அவர் கண் குழிந்ததே. ரெண்டு கறுப்புக் குழி. இப்படி சுவத்தப் பாத்து உக்காருட்டி, வெயிலு சுவத்துல பட்டு வரட்டும், சுவரு தர்ற வெளிச்சந்தான் மூஞ்சிக்கு நல்லது. எதிர்ச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு. மற்றச் சுவரெல்லாம் எப்படியோ போகட்டும். நாலு மணிக்கு முன்னால் யாரும் வரக்கூடாது, ஏனென்றால் நாலு மணிக்குத்தான் வெயில் அந்தச் சுவரில் ஏறும். அண்ணாச்சி சொன்னாரே, அதுல மட்டும் என்ன பெயிண்ட் அடிச்சாலும் ஒட்ட மாட்டேங்கு. ஐயோ. ஐயோ, ஐயோ! எந்தச் சுவரில் பெயிண்ட் ஒட்டாது? சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கருவைக் கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வழவழப்பாக்கி வைத்தால் அதில் எந்தப் பெயிண்ட் ஒட்டும்? மற்ற மூன்று சுவரிலும் ஒட்டுகிறதே! "அண்ணாச்சி!" என்று நான் போட்ட கூச்சலில் ஏணிக்காரரும் உள்ளே ஓடி வந்துவிட்டார். "அண்ணாச்சி, இந்த வெல்வெட்டக் கழட்டலாமா?" அவர், "அது கம்பியில மாட்டிருக்கு தாயி, ஆள் வரணும், முதலாளிட்ட ஒரு வார்த்தை" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ரெண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து, சரக்கென்று ஒரே இழுப்பு. கம்பியோடு வந்துவிட்டது. தலைமேல் தூசி கொட்டியது, தும்மல், கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடிய கண்ணுக்குள்ளேயே தெரிந்துவிட்டது, சிவப்பாக இருந்த இமை வெள்ளையாகிவிட்டது.

திறந்தேன். சுவர் எரிகிறது. எரியவில்லை, ஒளிர்கிறது, பாதி உரிந்த பெயிண்ட்டுக்கு நடுவே பால் போல. வெயில் விழுந்த இடத்திலிருந்து அந்த வழவழப்பு மேடையை விட்டு விலகிச் சாய்வாக மேலே மேலே ஏறிப் போகிறது, வெயில் இனிமேல் எந்த வழியாகப் போகுமோ அந்த வழியாக, பொழுது அடைகிற வரைக்கும். அதற்கு வெளியே ஒரு முழம்கூட அந்தப் பூச்சு இல்லை, சொரசொரவென்று சாதாரணக் காரை. நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேடையைப் பார்க்கிறார்கள். திரும்பினேன். கைலாசநாதன் சார் உட்கார்ந்தபடியே இருக்கிறார், ஆனால் அவர் இல்லை. மேடை முழுக்க நிழலே இல்லாத ஒரு வெளிச்சம், நெற்றியில் ஒவ்வொரு சுருக்கமும், கண்ணில் ஈரமும், உதட்டில் ஒட்டியிருக்கிற கடலைமிட்டாய்த் துணுக்கும் வரை தெரிகிறது, கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியும். கண்ணைக் கூசவில்லை அவருக்கு. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். "சாருக்கு மாப்பிள்ளைக் களை வந்துட்டுல்லா!" என்கிறார் அண்ணாச்சி, முதலாளியும் வெல்வெட்டும் மறந்து போய். மேடம் அழுகிறார்கள். கைலாசநாதன் சார் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம், "அந்த நாலாவது அத்தியாயத்த எடுத்துருங்க," என்றார். மறுபடியும் அதேயா? "தப்பா எழுதிருக்கீங்க. நேர் வெளிச்சம்னு எழுதிருக்கீங்க. சுவர வச்சுப் புதுசா எழுதுங்க. நாளைக்கு நான் வேற எதையும் கேக்கப் போறதில்ல, இத மட்டும்தான் கேப்பேன், எல்லாரும் கேக்கட்டும்." நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, மூக்கில் தூசி, கையில் இன்னும் அந்த வெல்வெட். "ஒண்ணு சொல்லுங்க," என்றார். "வெளிச்சத்த நேரா விடாம சுவத்துல அடிச்சுத் திருப்பணும்னு இவ்வளவு தெளிவா யாரு சொல்லிருக்கா? அடிக்குறிப்புல பேரு போடணும்ல?" "எங்கம்மா சார்." "அப்படியா? அவங்க எந்தத் துறை?" பொண்ணு பாக்குற துறை சார் என்று சொல்லத்தான் வாய் வந்தது, முதல் தடவையாக மூளை முந்திக்கொண்டு வாயை அடைத்தது. அவளுக்குப் பேர் உண்டு, உலகம்மாள், நாளைக்கு எழுத்திலேயே போடுகிறேன். கருப்பான ஒரு பெண்ணை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் தானாகக் கண்டுபிடித்தாள் பாவி, அந்தப் பயத்தை என்றைக்கும் மன்னிக்க மாட்டேன், அந்தக் கண்டுபிடிப்பை எப்படி மறுக்க? மேடைக்குப் படி ஏறினேன். வெல்வெட்டைக் கீழே போட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து இடம் விட்டார், நான் உட்காரவில்லை, சாக்பீஸ் வட்டத்தில் நின்றேன். சுவரிலிருந்து வந்த வெளிச்சம் முகத்தில் இளஞ்சூடாகப் பட்டது, கூடத்து மூலையில் பட்ட அதே சூடு, கழுத்து பழக்கத்தில் தானாகக் குனியப் பார்த்தது. குனியவில்லை. கழுத்துக்கும் போகட்டும். கீழே மூன்று பேர், காலி நாற்காலிகள், மணி நாலு ஆகப் போகிறது.

"பாருங்க சார்," என்றேன். "நல்லாப் பாருங்க."